ஜோன்சன் அண்ணை கேட்ட சன்னம்

1.
இந்தக் கதை என் கைத்தொலைபேசிக்கு வந்த ஒரு படத்திலிருந்து தொடங்கியது. கடைத் தட்டில் மூன்று சிறிய பெட்டிகள். கூடவே ஜோன்சன் அண்ணையின் குரல்: "தம்பி, பிரெஞ்சில கிடக்கு. எது பாம்புக்கு, எது நாய்க்கு எண்டு வாசிச்சுச் சொல்லும்."

மொன்றியலில் எங்கள் ஆட்களின் ஆஸ்பத்திரிக் கடிதம், வரிக் கடிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். துவக்குச் சன்னம்* வந்தது இதுவே முதல் தடவை.

(* துப்பாக்கித் தோட்டா. ஊரில் இந்தச் சொற்களைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வோம். இங்கே பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.)

2.
முதல் தொடக்கம்: "ஜோன்சன் மிக நல்ல மனிதர்..." வெட்டிவிட்டேன். இப்படித் தொடங்கினால் நீங்கள் உடனே அவரைச் சந்தேகிப்பீர்கள்.

இரண்டாவது: "கியூபெக்கில் விஷப்பாம்பு கிடையாது, ஆகவே..." ஆகவே என்ன?

நகருக்கு வெளியே, புரோசார்டுக்கு அப்பால் அண்ணை தோட்டக் காணி எடுத்திருக்கிறாராம். பாம்பு ஊர்கிறதாம், பக்கத்துப் பண்ணை நாய் பாய்கிறதாம். துவக்கு லைசன்ஸ் இன்னும் வரவில்லை, தெரிவு மட்டும் இப்போதே. நானும் சிரத்தையாக வாசித்துச் சொன்னேன். பொடி ஈயம் நிரப்பியது பாம்புக்கு. நாய்க்கு அது காணாது.

"அப்ப மற்றது கதவைத் துளைக்குமோ?"

"பாம்புக்கு என்னத்துக்கு அண்ணை கதவு?"

"சும்மா கேட்டனான். கொட்டில் கதவுக்குப் பின்னால நாய் நிண்டால்..."

3.
அவருடைய துவக்கு லைசன்ஸ் விண்ணப்பத்தில் 'இவரை நன்கு அறிவேன்' என்று கையெழுத்து வைத்தவனும் நான்தான். பாஸ்போர்ட் படிவம் என்று நினைத்தேன். எங்களுக்குள் படிவத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது போலாகிவிடும். ஊருக்கெல்லாம் வாசித்துக் கொடுக்கிறவன் தன் கையெழுத்துக்கு மேலே இருந்ததை வாசிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பிறகொரு நாள் கேட்டார்: "மனுசி கையெழுத்து வைக்கிற கட்டம் ஒண்டு இருக்கு. அது கட்டாயமோ?"

4.
சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் அவர் மனைவி றோசலின் அக்காவைக் கண்டேன்.

"தோட்டம் எப்பிடிப் போகுது அக்கா?"

"எந்தத் தோட்டம்?"

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவர் உமக்கு என்னவும் சொன்னவரோ?"

(இந்த இடத்தில், வெயிலிலும் அக்கா கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டிருந்தார் என்று எழுதினேன். பொய். அந்த வரியை அடித்துவிட்டேன். சந்தேகம் வந்ததும் சாட்சியத்தை நானே தயாரிக்கத் தொடங்கிவிட்டேன்.)

கலியாண நாளுக்கு ரகசியமாகக் காணி எடுத்திருக்கலாம். எடுக்கக் கூடாதா? இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலம் முழுவதும் அவர்கள் வீட்டு சோபாவில் படுத்தவன் நான். இடம் தந்தவர் அண்ணை. சோறு போட்டவர் அக்கா.

5.
இப்போது தொலைபேசியில் லைசன்ஸ் அலுவலகத்துப் பெண். பிரெஞ்சில் கேட்கிறார்: "இவரிடம் துப்பாக்கி இருந்தால் யாருக்காவது ஆபத்து என்று நினைக்கிறீர்களா?"

முடிவு அ: 'இல்லை' என்கிறேன். கோடையில் இருவரும் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறார்கள்.

முடிவு ஆ: 'இல்லை' என்கிறேன். றோசலின் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தி...

முடிவு இ: 'ஓம்' என்கிறேன். அண்ணை என்னோடு இனி முகங்கொடுத்துக் கதைக்க மாட்டார். தோட்டம் இருந்ததா என்பதும் எனக்குத் தெரியவே வராது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். அந்தப் பெண் இரண்டாம் தடவை "அலோ?" என்கிறார். நான் தொலைபேசியை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். உங்கள் பெயரைத்தான் முதலில் கேட்பார்.