கழுவிக் காயப்போட்ட பைகள்

மணத்தக்காளியில் என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஒரு செடி குற்றால மலையடிவாரத்தில் பிடுங்கியது, இன்னொன்று இலத்தூர்த் தோட்டத்தில் வாங்கியது. இலை, பூ, காய், கசப்பு எல்லாம் ஒன்றுதான். வேர்நுனியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் வம்பு. குற்றாலத்துச் செடியில் குரோமோசோம் இருபத்துநாலு, இலத்தூர்ச் செடியில் எழுபத்திரண்டு.

“ரெண்டையும் கலந்து பாரும்மா ரெபேக்காள். விதை பிடிச்சா ரெண்டும் ஒரே இனம், சொந்தம். இந்த வருஷமும் பிடிக்கலைன்னா ஆராய்ச்சியை விட்டுரு” என்றார் பேராசிரியர் தில்லைநாயகம். அது 1961. விட்டால் வீட்டில் கல்யாணம்தான்.

தென்காசியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்கட்டில் இரண்டையும் வளர்த்தேன். ஒன்றின் பூவில் மற்றதன் மகரந்தத்தைத் தொட்டுவைத்து, வேறு மகரந்தம் படாமலிருக்கத் துணிப்பை கட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்கக் கலக்காத பூக்களுக்கும் அதே பை. எது எது என்று பையின் மேலேயே பென்சிலால் எழுதினேன்.

ஒருநாள் மத்தியானம் குற்றாலத்திலிருந்து திரும்பினால், பைகளெல்லாம் வெள்ளைவெளேரென்று கொடியில் காய்கின்றன.

“பையெல்லாம் ஒரே அழுக்கு டீச்சர். சவுக்காரம் போட்டு அலசிட்டேன்” என்றாள் வீட்டுக்கார ஆவுடையம்மாள் அக்கா. “காயை மோருல ஊறவச்சு வத்தல் போட்டிருக்கேன். ஒங்களுக்குத்தான், ஊருக்குக் கொண்டு போங்க.”

இவளிடம் எப்படிக் கத்துவது? சுளகில் கிடந்த காய்களைப் பிய்த்துப் பார்த்தேன். சிலவற்றில் விதை நிறைய, சிலவற்றில் ஒன்றுமில்லை. கலந்தவை எவை, கலக்காதவை எவை? கலந்ததால் விதை இல்லையா, பை கட்டியதால் இல்லையா?

“ஒரு பைய மட்டும் அவுக்க முடியல. செடியிலயே கெடக்கு” என்றாள் அக்கா.

ஓடினேன். கலந்த பைதான், எழுத்து அழியவில்லை. உள்ளே கறுத்துப் பழுத்த ஒரே பழம். உள்ளங்கையில் பிதுக்கினேன். அத்தனையும் தவிடு மாதிரி பதர். நடுவில் ஒன்றே ஒன்று, திரண்ட விதை.

சொந்தமென்றால் இத்தனை பதர் எதற்கு? சொந்தமில்லை என்றால் இது எங்கிருந்து வந்தது? பேராசிரியரிடம் என்ன சொல்வதென்று சத்தியமாகத் தெரியவில்லை. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மண் நிரப்பி அதை ஊன்றினேன்.

பிறகு ஆவுடையம்மாளிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். “அக்கா, இந்தச் சிரட்டைய மட்டும் கழுவிராதிய.”