வாயுக் குழாயை மூடியது யார்

1
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி ஆய்வகத்தில் சாயநீரைச் சுத்தம் செய்யும் காந்தப்பொடி தயாரிக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். ஒருநாள் வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுவந்தாள். நீலச்சாயம் கலந்த தண்ணீரில் கரும்பொடியைப் போட்டுக் குலுக்கி, குப்பியின் பக்கத்தில் காந்தத்தை வைத்தாள். பொடி சாயத்தையும் இழுத்துக்கொண்டு கண்ணாடியில் ஒட்டியது. தண்ணீர் தெளிந்தது. பாராட்ட வாயெடுத்தேன். அதற்குள், பொடிக்கு மேல்பூச்சு கொடுக்கும் யோசனை சுருட்டையுடையது என்றாள்.

சுருட்டை அவளுடன் வேலை செய்யும் சுருள்முடிக்காரன். அன்றிரவே அவனை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தேன்.

2
சுருட்டை தன் வழுக்கைத் தலையைத் தடவியபடி

(இந்த வரியை அடித்துவிட்டேன். அவனுக்கு அடர்ந்த முடி. வழுக்கை என் ஆசை.)

மறுபடியும்: இரும்பு உப்புக் கரைசலில் அமோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது. காற்று படாதிருக்க உள்ளே நைட்ரஜன் குமிழிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கைபேசியில் இளித்துக்கொண்டிருந்த சுருட்டை வாயுக் குழாயை மூடிவிட்டான். பொடி துருவாகிச் சிவந்தது. காந்தத்துக்கு அசையவில்லை. மேலதிகாரிகள் முன்னால் அவன் மானம் கப்பலேறியது.

எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

3
அவள் படித்தாள். சிரிக்கவில்லை.

“வாயு என் வேலை. அவன் சொட்டு விடுவான், குழாய நான் பாத்துப்பேன். பொடி செவந்தா என்னைத்தான் கேப்பாங்க. வெள்ளிக்கிழமை நிஜமாவே மேலதிகாரிங்க முன்னாடி செஞ்சு காட்டணும், தெரியுமில்ல?”

அவளுக்குத் தெரியாமல் அவன் மூடியதாக மாற்றிவிடுகிறேன் என்றேன்.

“அவன் தொடமாட்டான்” என்றாள். அவ்வளவு நிச்சயமாக.

(வீட்டில் நான் அடுப்பை அணைத்தால், அவள் ஒருமுறை போய்த் திருகிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து.)

4
முடிவு ஒன்று: குமிழ் நிற்கவில்லை. பொடி கறுப்பாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை கைதட்டல். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச்

இதற்குமேல் கை ஓடவில்லை.

முடிவு இரண்டு: பொடி சிவக்கிறது. அவள் கலங்கி நிற்கிறாள். சுருட்டை முன்னால் வந்து, தப்பு தன்னுடையது என்கிறான்.

(பாருங்கள், நான் எழுதியும் அவன்தான் நல்லவனாகிறான்.)

கரைசலில் இன்னும் குமிழ் வந்துகொண்டிருக்கிறது. குழாயை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என்னை நம்பி விட்டுப் போகாதீர்கள்.

சற்றுமுன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போகிறாள்.