சலவைக்கூடத்துப் பொது அறிவு

“உலகத்துலயே ஆழமான ஏரி எது?” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கீழே போட்டிருந்த நான்கு விடைகளையும் அதே குரலில் கத்தினேன். இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் ஈரத் துணியை உருவிக்கொண்டிருந்த என் நாத்தனார் நிமிராமலே மூன்று விரலைக் காட்டினாள். சரியான விடைதான். எங்கள் சலவைக்கூடத்தில் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கேட்கிறவள் தொண்டை போனால் போதாதா, சொல்கிறவள் தொண்டையும் ஏன் போக வேண்டும் என்று நாங்களாகக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. முதல் விடைக்கு ஒரு விரல், நான்காவதற்கு நான்கு. சோப்பு நுரை சொட்டச் சொட்ட அவள் விரல் காட்டும் வேகத்தைப் பார்த்தால் எனக்கே தலைகால் புரியாது.

ராணுவ அதிகாரி வேலைக்கான நுழைவுத் தேர்வுக்கு அவள் படித்துக்கொண்டிருந்தாள். ஓட்டத்தில் அவளை யாரும் நெருங்க முடியாது, கணக்கும் அப்படித்தான். போன தடவை பொது அறிவில்தான் கவிழ்ந்தாள். இந்தத் தடவையும் கவிழ்ந்தால் அவ்வளவுதான், வயது வரம்பு தாண்டிவிடும். என் வீட்டுக்காரர் தங்கையை ‘மேஜர்’ என்றுதான் கூப்பிடுவார். பாசத்தில் அல்ல, நக்கலில். நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று காத்திருந்த சொந்தக்காரர்களுக்கு நாங்கள் பெரிய ஏமாற்றம். எனக்கு அவளிடம் பிடித்ததே அவளுடைய திமிர்தான். இந்த வீட்டில் அது எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். என் வீட்டுக்காரர் ஒரு வாரமாக முனகிக்கொண்டே இருந்தார். கடைசியில், மதியச் சாப்பாட்டுக்கு இயந்திரங்களை நிறுத்தியிருந்தபோது, கையைக் கழுவிவிட்டு வந்து என்னிடமிருந்த கேள்விப் புத்தகத்தை வாங்கினார்.

“நானே கேக்குறேன். ஒழுங்கா சொன்னா ஞாயித்துக்கிழமை போகட்டும். இல்லன்னா பேசாம துணியப் பாக்கட்டும்.”

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள், மூக்கு உடைபடப் போவது யாருக்கென்று பார்ப்போம் என்று சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் விடைகளைப் படிக்காமல் கேள்வியை மட்டும் படித்தார்.

“உலகத்துலயே ஆழமான ஏரி?”

அவளுடைய கை தானாக மேலே போனது. மூன்று விரல்.

“என்ன அது?”

“மூணு,” என்றாள்.

“ஏரிக்குப் பேரு மூணா?”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமியாருக்குச் சிரிப்பில் புரையேறியது. அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் எது? விரல் பாதி எழுந்தது. அவளே அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். “ரெண்டாவது...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். இத்தனை நாளும் அவள் படித்தது ஏரியையும் உலோகத்தையும் அல்ல, விடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை. புத்தகம் ஒன்றேதான், வரிசையும் ஒன்றேதான். பரீட்சைக்காரன் அந்த வரிசையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும்?

“மேஜர் விரல் விட்டே சண்டை போடுவாங்க போல,” என்று புத்தகத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் போட்டார். “ஞாயித்துக்கிழமை துணி இருக்கு. பேச்சு முடிஞ்சுது.”

எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அவள் அழவில்லை. சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டு எழுந்தாள். இயந்திரங்களை ஓடவிட்டாள். சத்தம் கூரையைத் தொட்டதும் என் காதருகே வந்து கத்தினாள்.

“அண்ணி, இனிமே நாலு விடையும் சொல்லாதீங்க. கேள்வி மட்டும் கேளுங்க.”

“அவருதான் போகக்கூடாதுன்னுட்டாரே!”

“அது அண்ணாவோட முடிவு. நீங்க கேளுங்க!”

கேட்டேன். அவள் இரண்டு கையையும் துணிக்குள் புதைத்துக்கொண்டு கத்தினாள். பைகால்! பாதரசம்! பசிபிக்கும் அட்லாண்டிக்கும்! தெரியாததற்கு “தெரியாது, அடுத்தது!” என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். சட்டை வாங்க வந்த பள்ளிக்கூட வாத்தியார், “ரெடியா?” என்று கேட்டதற்கு உள்ளேயிருந்து “வைட்டமின் கே!” என்று பதில் வந்தது. மனுஷன் சட்டை வாங்காமலே திரும்பிப் போகப் பார்த்தார். எதிர்ப்பக்கத்துத் தையல்கடைக்காரி வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான்.

“தெருவே சிரிக்குது,” என்றார் என் வீட்டுக்காரர்.

“சிரிக்கட்டுமே. நம்ம என்ன திருடிட்டா வந்தோம்?” என்றேன். அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் வீடு நிம்மதியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆஸ்பத்திரி வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. அவர் மூட்டைகளை வழக்கமாக அடுக்கும் மூலையில் அடுக்கவில்லை, வாசலுக்குக் குறுக்கே அடுக்கினார். அவள் தலையை வாரி, ஷூவை மாட்டி, நுழைவுச் சீட்டோடு வந்து அந்த மூட்டைகளுக்கு முன்னால் நின்றாள்.

“ரெண்டு தடவ எழுதிப் பாத்தாச்சு,” என்றார் அவர். குரலில் நக்கல் இல்லை, அசதிதான் இருந்தது. “இப்பவும் தோத்துட்டு வந்தா என்ன பண்ணுவே?”

“தோத்துட்டுதான் வருவேனோ என்னவோ. ஆனா எழுதித் தோக்குறேண்ணா. உன் மூட்டைகிட்ட தோக்க மாட்டேன்.”

மாமியார் என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்லித் தடுப்பேன் என்பதுபோல. நான் போய் மேல் மூட்டையை இடுப்பில் இடித்துத் தள்ளினேன். அது உருண்டு அவர் காலடியில் விழுந்தது. மிச்சமிருந்ததன்மேல் அவள் ஷூ காலோடு ஏறினாள். தெருவில் குதித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தம் தூரம். நடந்தாலே போதும், நேரம் இருந்தது. அவள் ஓடினாள்.

அவர் உள்ளே போய், வண்டி வந்ததுமே ஒரு மூட்டையைப் போட்டு ஓட்டியிருந்த இயந்திரத்தைத் திறந்தார். முதல் விரிப்பை உருவி ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு மறுமுனையை என் பக்கம் வீசினார். நான் வாசலில் நின்று அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈர விரிப்பு சொத்தென்று தரையில் விழுந்து அழுக்கில் பரவியது.

“மறுபடியும் துவைக்கணும்,” என்றார்.

“துவைங்க,” என்றேன்.