குல ஏட்டில் ஒரு வரி

ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்காமல் யாரும் அமெரிக்க மத்திய அரசின் நிதிக்கு விண்ணப்பிக்க முடியாது என்று ஆணை வந்தபோது, எங்கள் துறையில் பலர் அந்தப் பாடத்தைக் கணினியில் ஓடவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை. படிக்காத பாடத்தைப் படித்ததாகக் கையெழுத்திடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஒஹாயோவில் நாற்பது ஆண்டுகள் கோதுமைத் துரு நோயை ஆராய்ந்தவன், எழுபத்து மூன்று வயதில் நோட்டுப் புத்தகம் வைத்துக் குறிப்பெடுத்தேன். சான்றிதழ் வந்தது.

ஆய்வு வெளிநாட்டுக்குக் கசியாமல் காப்பதுதான் பயிற்சியின் நோக்கம். அதன் மூன்றாம் பகுதியில் ஒரு விதி இருந்தது. வெளிநாட்டில் கௌரவப் பதவி இருந்தால், சம்பளமே இல்லாவிட்டாலும் அறிவிக்க வேண்டும்.

எனக்கு அப்படி எந்தப் பதவியும் இல்லை. ஆனால் எங்கள் குல ஏட்டில் இருக்கிறது. சியு குலத்தின் இருபத்தேழு தலைமுறைகளையும் வரிசைப்படுத்தி சீனாவில் எங்கள் ஊரில் அச்சிட்டது அது. ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது அங்குள்ள வேளாண் கல்லூரியில் மூன்று நாள் பேசினேன். ஏட்டைத் தொகுத்த என் ஒன்றுவிட்ட தம்பி, என் பெயருக்குக் கீழே ‘அக்கல்லூரியின் கௌரவப் பேராசிரியர்’ என்று எழுதிவிட்டான். குல ஏட்டில் எல்லாருக்கும் பதவி உயர்வு உண்டு. கிடங்குக் காவலாளி மேலாளர் ஆவார், சிப்பாய் தளபதி ஆவார். அதை யாரும் பொய்யாகக் கருதுவதில்லை.

அந்தப் பக்கத்தை மொழிபெயர்த்து, கல்லூரி எனக்கு எதுவும் தரவில்லை என்ற விளக்கத்தோடு, பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இருக்கும் டார்லீனிடம் கொடுத்தேன். எங்கள் நிதி விண்ணப்பத்துக்கு மறுநாள் மாலை ஐந்து மணிவரை கெடு. முதன்மை ஆய்வாளர் நான். இரண்டாவது என் மகள் வென்ஜிங். அந்த நிதி வராவிட்டால் கோடையோடு அவளுடைய ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள்.

டார்லீன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“புரொபசர், எதுக்கு இப்படி என் தலையில குண்டைத் தூக்கிப் போடுறீங்க? இது கமிட்டிக்குப் போனா மூணு வாரம் ஆகும், அதுவரை உங்க விண்ணப்பம் போகாது.”

“அறிவிக்கணும்னு உங்க பாடத்துலதானே இருக்கு?”

“இருக்கு. ஆனா அதை இவ்வளவு அக்கறையா யாரும் படிச்சதில்லை.” சற்று யோசித்தார். “ஒரு வழி இருக்கு. அந்தப் புத்தகத்துலேர்ந்து உங்களை எடுத்துடச் சொல்லி ஊருக்கு ஒரு கடிதம் எழுதுங்க. நகல் எனக்குப் போதும். கமிட்டியே வேண்டாம்.”

“பதவியை மட்டும் திருத்தச் சொல்றேனே?”

“அவங்க எப்பத் திருத்துவாங்க?”

“அடுத்த அச்சு முப்பது வருஷம் கழிச்சு.”

“அதுக்குள்ள நானே போய்ச் சேர்ந்துடுவேன். பேரை எடுக்கச் சொல்லுங்க.”

எங்கள் குல ஏட்டில் பெயரை அடிப்பது எப்போது என்று அவருக்குச் சொன்னேன். தகப்பனை அடித்தவன், குலச் சொத்தைத் திருடியவன், இவர்கள் பெயரைத்தான் மூதாதையர் மண்டபத்தில் எல்லார் முன்னிலையிலும் கறுப்பு மையால் அடிப்பார்கள். அதன்பின் அவன் பிள்ளைகளுக்கும் அதில் இடம் இல்லை.

“நான் யாரையும் அடிக்கலை, மேடம். எதையும் திருடலை. எழுத மாட்டேன்.”

செய்தி எட்டியதும் வென்ஜிங் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

“அப்பா, யாரோ ஊர்ல அச்சடிச்ச புத்தகம். இங்க அதை யார் படிக்கப்போறா? வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?”

“யாராவது படிச்சா, கிழவன் மறைச்சான்னு சொல்லுவான். அப்புறம் உன்னையும் சொல்லுவான்.”

“இப்ப மட்டும் என்ன வாழுது? என்கிட்ட ரெண்டு பேர் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்ல, எங்கப்பாவுக்கு முதுகு வளையாதுன்னா?”

“சொல்லு. பொய் இல்லையே.”

அவள் சிரிக்கவில்லை. சன்னலோரம் போய் நின்றுகொண்டாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த விதி என் பெயரைத்தான் பிடித்துவைத்திருந்தது, அவள் பெயரை அல்ல.

“விண்ணப்பத்துலேர்ந்து என் பேரை எடுத்துடு,” என்றேன். “முதன்மை ஆய்வாளர்னு உன் பேரைப் போடு.”

“அது உங்க பத்து வருஷ வேலைப்பா.”

“என் பேர் ஓரிடத்துலேர்ந்து போய்த்தான் ஆகணும்னா, குல ஏட்டுலேர்ந்து வேண்டாம், இதுலேர்ந்து போகட்டும்.”

சன்னலை விட்டு வந்தாள். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திருத்தத் தொடங்கினாள். இரண்டு இடங்களில் என் பெயரை அழிக்கக் கைவராமல் என்னைப் பார்த்தாள். நானே அழித்தேன். மறுநாள் நாலரை மணிக்கு விண்ணப்பம் போனது.

நான் மீண்டும் டார்லீனிடம் போனேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“அதான் பிரச்சினை தீர்ந்துதே. நீங்கதான் விண்ணப்பத்துலயே இல்லையே. இந்தக் காகிதத்தைத் திரும்ப எடுத்துக்குங்க, புரொபசர். நான் பார்க்கவே இல்லைன்னு வெச்சுக்கறேன்.”

“பார்த்தீங்க. நான் இன்னும் இங்கதான் வேலை பார்க்கறேன். கமிட்டிக்கு அனுப்புங்க. என் நகல்ல, வாங்கிக்கிட்டீங்கன்னு ஒரு முத்திரை வேணும்.”

“இப்ப முத்திரையெல்லாம் யார் வெச்சிருக்கா?”

“கையெழுத்துப் போதும்.”

பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்து, இரண்டு எழுத்துகளைக் கிறுக்கினார். காகிதத்தை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

“முழுப் பேரா எழுதுங்க. தேதியும்.”

அவர் எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.