பத்தொன்பது கிலோமீட்டர் பஸ்ஸில் ஓர் ஓய்வு நாள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை அவளுக்கு. வயது நாற்பத்து நான்கு. கடைக்கு வருகிறவர்களுக்கும் பக்கத்துக் கடைக்காரர்களுக்கும், ஏன், அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும்கூட அவள் 'அக்கா'தான். பஸ் கிளம்பிவிட்டால் அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நிற்கிற ரகம். அப்படிப்பட்ட அக்கா மாரத்தான் ஓடக் கிளம்பியதற்குக் காரணம் அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் டவுன் பஸ் டிரைவர். குடியிருப்பது எதிர் வீட்டில். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தன் அண்ணனிடம் விளையாட்டாகச் சொன்னாள்: "அண்ணி எதையாவது முழுசா முடிச்சுப் பாத்திருக்கியாண்ணா? டிரைவிங் கிளாஸ் நாலே நாள். உனக்காகப் பின்ன ஆரம்பிச்ச ஸ்வெட்டருக்கு இன்னும் ஒரு கை வரல."

அண்ணன் சிரித்தார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அது எத்தனை கிலோமீட்டர் என்று விசாரித்தாள். நாற்பத்திரண்டு என்றதும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

இரண்டு வாரம் தாங்காது என்று நினைத்தாள் நாத்தனார். மூன்றாவது மாதமும் அக்கா விடியற்காலையில் ஷூ கட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "தனியா ஓடாதீங்க அண்ணி, நாய் துரத்தும்" என்றாள். அன்றிலிருந்து தண்ணீரும் வாழைப்பழமும் அவள் பொறுப்பு. ஆள் நடமாட்டமே இல்லாத தெருவிலும் திரும்புவதற்கு முன் கையை நீட்டி சிக்னல் காட்டுவாள். பழக்கம் எங்கே போகும்?

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கடைசி நீண்ட ஓட்டம் வந்தது. முப்பத்திரண்டு கிலோமீட்டர். கால்வாய்க் கரை, கிடங்குகள், பாலம், விளையாட்டு மைதானம் எல்லாம் கடந்து திரும்பி வரவேண்டும். இருபத்தாறு வரைக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. இருபத்தேழு ஆரம்பிக்கும்போது சைக்கிள் செயின் அறுந்து தொங்கியது.

"நீங்க போங்க அண்ணி, நான் தள்ளிக்கிட்டே வரேன்."

"தண்ணி உன்கிட்ட இருக்கே! நின்னா எனக்குக் கால் பிடிச்சுக்கும்மா."

நாத்தனார் ஒரு நொடி யோசித்தாள். சைக்கிளை விளக்குக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டிப்போவுக்குப் போட்டுக்கொண்டு போகிற கறுப்பு ஷூவோடு ஓட ஆரம்பித்தாள். இருநூறு அடி தாண்டுவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. அக்கா வேகத்தைக் குறைத்தாள். இரண்டு கம்பம் ஓடுவது, ஒரு கம்பம் நடப்பது என்று பேசிக்கொண்டார்கள்.

இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில் நாத்தனார் மூச்சிரைக்கப் பேச ஆரம்பித்தாள். "அண்ணி... அன்னைக்கு நான்... அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எதைச் சொல்ற?" தெரியாதது போல் கேட்டாள் அக்கா. எட்டு மாதமாக அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது.

"அந்த ஸ்வெட்டர்..."

"நீ சொன்னதுல தப்பு என்ன இருக்கு? இன்னும் ஒரு கை வரலதான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரித்ததில் விலாவில் பிடித்துக்கொண்டு, நடக்க வேண்டிய கம்பம் ஒன்றுக்கு மூன்றாகிவிட்டது. அக்காவுக்கு உடம்பு திடீரென்று லேசானது போல இருந்தது. மிச்சத்தை எப்படி ஓடினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

முப்பத்திரண்டு முடிந்த இடத்தில் மூடிக்கிடந்த ஒரு டயர் கடை. நாத்தனார் அதன் வாசலிலேயே மல்லாந்துவிட்டாள். குதிகாலில் கோலிக்குண்டு அளவுக்குக் கொப்புளம். அக்கா புருஷனுக்கு போன் போட்டாள். அவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். பதற்றம் அவருக்குக் கூடப்பிறந்தது. காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தவர், தங்கை கிடந்த கோலத்தைப் பார்த்து அவள் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார், காலைப் பிடித்துவிடுகிறார், விசிறுகிறார்.

"என்னங்க, ஓடினது நான்!" என்றாள் அக்கா.

அதற்கப்புறம்தான் நிஜமான சோதனை ஆரம்பித்தது. கடைசி மூன்று வாரத்துக்கு டேப்பர் என்று பெயர். ஓட்டத்தை வாரா வாரம் குறைத்துக்கொண்டே வரவேண்டும். இனி ஓடிப் புதிதாக எந்தப் பலமும் சேரப்போவதில்லை. தேய்ந்த தசை தேறுவதற்கு இடம் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். ஓடுவதற்கு எட்டு மாதமாகத் தன்னைத் தயார்ப்படுத்தியிருந்தாள். சும்மா இருப்பதற்கு யாரும் அவளைத் தயார்ப்படுத்தவில்லை.

இரண்டாவது வாரம் இடது முட்டி வலித்தது. மறுநாள் வலது முட்டி.

"நேத்து இடதுன்னுதானே சொன்ன?" என்றார் புருஷன்.

"அது போயிடுச்சு. இப்ப இது."

"முட்டிக்கும் அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டிடு."

வீட்டில் குட்டி போட்ட பூனை போல அலைந்தாள். கடையில் கண்ணாடி அலமாரியில் இருந்த அத்தனை சட்டத்தையும் இறக்கித் துடைத்தாள். அத்தனை திருகையும் முறுக்கினாள். மறுநாள் திரும்ப இறக்கினாள். முதலாளி கும்பிடாத குறையாகச் சொன்னார்: "அக்கா, தயவுசெஞ்சு எங்கேயாவது போய் ஓடிட்டு வாங்க."

அந்த வார்த்தை போதாதா? போட்டிக்குப் பத்து நாள் இருந்த வியாழக்கிழமை, அட்டவணையில் ஓய்வு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த நாள், புருஷன் குளிக்கப் போன நேரம் பார்த்து ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினாள். நாலே நாலு கிலோமீட்டர், யாருக்குத் தெரியப்போகிறது? காற்று முகத்தில் பட்டது. கால் தானாகப் பறந்தது. இரண்டாவது தெரு முனையில் பின்னால் ஹாரன் அலறியது. ஒதுங்கினாள். மறுபடி ஹாரன். திரும்பிப் பார்த்தால் ஒரு முழு பஸ் அவள் பக்கத்தில் ஊர்ந்து வந்து நின்றது. கதவு திறந்தது.

"ஏறுங்க அண்ணி."

"பால் வாங்கப் போறேன்மா..."

"இந்த வேகத்துலயா? வாட்ச்ல நேரத்தை வேற ஓட விட்டுக்கிட்டு? ஏறுங்க. பின்னாடி வண்டி நிக்குது."

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட அக்கா தலையைக் குனிந்துகொண்டு ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். பஸ்ஸே அவளைப் பார்த்தது. அடுத்த நிறுத்தத்தில் நாத்தனார் திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இவங்க எங்க அண்ணி. இன்னும் பத்து நாள்ல மாரத்தான் ஓடப் போறாங்க. இன்னைக்கு ஓய்வு நாள். திருட்டுத்தனமா ஓடுறாங்க, நீங்களே கேளுங்க."

இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி முதலில் பிடித்துக்கொண்டாள். "தப்புங்க. தூங்கும்போதுதான் தசை சரியாகும். பேசாம படுங்க."

மடியில் குழாயை வைத்திருந்த பிளம்பர், "எவ்வளவு தூரங்க அது?" என்று கேட்டார்.

"நாப்பத்திரண்டு கிலோமீட்டர்" என்றாள் அக்கா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"இந்த பஸ்ஸு போய்ட்டு வரதே மொத்தம் பத்தொன்பதுதான்!" பிளம்பர் விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு தடவை போய் வந்தாலும் மிச்சம் இருக்கே! காலாலேயா?"

பின் சீட்டில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அக்காவுக்குக் காது வரை சூடேறியது. எட்டு மாதமாக ஓடுகிறாள்; தான் செய்வது பெரிய விஷயம் என்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. இறங்கும்போது ஒவ்வொருவரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள். பஸ் கடைசி நிறுத்தம் போய்த் திரும்புவதற்குள் அக்கா ஜன்னலில் தலை சாய்த்து அயர்ந்து தூங்கிப்போனாள். அந்த மாதத்திலேயே அதுதான் நல்ல தூக்கம். அப்புறம் முட்டியைப் பற்றிய பேச்சே எழவில்லை.

போட்டியன்று கால் புதுசாக இருந்தது. மூன்று வாரம் எதற்கு என்பது பத்தாவது கிலோமீட்டரில் புரிந்தது. முப்பத்திரண்டு தாண்டியதும் அவள் கால் அதுவரை போகாத தூரம். முப்பத்தேழில் அழுகை வந்தது, எதற்கு என்று தெரியவில்லை, அழுதுகொண்டே ஓடினாள். முப்பத்தெட்டில் அதுவும் நின்றுவிட்டது. கடைசி வளைவில் நாத்தனாரும் புருஷனும் தொண்டை கிழியக் கத்தியது அவள் காதில் விழவேயில்லை. கோட்டைத் தாண்டியபோது ஐந்து மணி நேரம் பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. பதக்கத்தைக் கழுத்தில் போட்ட பெண்ணை இறுக்கக் கட்டிப்பிடித்து விடமாட்டேன் என்று நின்றாள். நாத்தனார் வந்து பிரிக்கவேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை அவள் லீவு போடவில்லை. தொடை இரண்டும் கட்டையாகியிருந்தன. மாடிப்படியில் நேராக இறங்க முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழ்வீட்டுக்காரர் பதறிப்போய், "என்னாச்சும்மா, விழுந்துட்டியா?" என்றார்.

"இல்லைங்க, நேத்து மாரத்தான் ஓடினேன்."

அதையே தபால்காரரிடம் சொன்னாள். தெரு பெருக்குகிறவரிடம் நின்று சொன்னாள். கடைக்குப் போய், கண்ணாடி வாங்க வந்த முதல் ஆளிடம், அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.