03/05 என்று போட்டிருந்த கடிதம்

"மூணாந்தேதி, அஞ்சாம் மாசம்! இதோ போட்டிருக்கே, பாரு!"

"கத்தாதம்மா, எல்லாரும் பாக்குறாங்க. இங்க மாசம்தான் முதல்ல வரும். இது மார்ச் அஞ்சு. கெடு முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு."

மகளின் பள்ளி அலுவலக வாசலில் நின்றபடி ஒஃபேலியா கடிதத்தை மறுபடி பார்த்தாள். 03/05. மெக்சிகோவில் யாரைக் கேட்டாலும் மே மூன்று என்றுதான் சொல்வார்கள். சிலுவைத் திருநாள். கொத்தனார்கள் கட்டடத்தின் மேல் பூ சுற்றிய சிலுவை நடுகிற நாள், மறக்கவே மறக்காது என்று நினைத்திருந்தாள். இன்று மே இரண்டு. கடிதத்தோடு வந்த படிவத்தை ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துவிடலாம் என்று ஸ்ட்ராபெரி பறிக்கிற வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ஒம்பது வருஷமா கலிஃபோர்னியாவுல இருக்க. பால் டப்பால கூடவா தேதி பாக்கல?"

"அதுல மாசம் எழுத்துல இருக்கும்டி, மகாராணி. இவங்க வெறும் நம்பரப் போட்டா நான் என்ன ஜோசியமா பாக்குறது?"

"என்கிட்ட காட்டியிருக்கலாம்ல?"

"காட்டினேன். 'ஸ்பானிஷ்ல பேசாத, ஃப்ரெண்டு லைன்ல இருக்கா'ன்னு கதவச் சாத்தினியே!"

யரெட்ஸி அலுவலகக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

அவளுக்குப் பதினான்கு வயது. ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வரும், ஸ்பானிஷ்தான் தடுமாறும். ஆனாலும் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ் என்பதால் ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளின் வகுப்பில்தான் உட்கார வைத்திருந்தார்கள். இந்த வருஷம் அதிலிருந்து வெளியேறுவதற்கான ஆங்கிலத் தேர்வில் தேறிவிட்டாள். அம்மாவின் கையெழுத்தோடு இந்தப் படிவம் போயிருந்தால், அடுத்த வகுப்பில் உயிரியல் கிடைத்திருக்கும். நர்ஸ் ஆக வேண்டும் என்பவளுக்கு அதுதான் முதல் படி.

உள்ளே மேஜைக்குப் பின்னால் திருமதி பர்ராகான் இருந்தாள். பெயரும் முகமும் இவர்களைப் போல மெக்சிகோதான். பேச்சு மட்டும் ஆங்கிலம். படிவத்தைப் பார்த்துவிட்டு, நீளமாக ஏதோ சொல்லித் திருப்பித் தள்ளினாள்.

"என்ன சொல்றாங்க?"

"அடுத்த வருஷம் வரணுமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை என்று ஒஃபேலியாவுக்குத் தெரியும். நடுவில் ஒரு சொல் ஸ்பானிஷில் இருப்பது போலவே காதில் விழுந்திருந்தது. 'ரெஸ்பான்ஸிபிலிட்டி'. பொறுப்பு. பெற்றவளின் பொறுப்பு என்றுதான் அந்த அம்மாள் சொல்லியிருக்கிறாள். மகள் அதை விழுங்கிவிட்டாள்.

"தப்பு என்னோடதுன்னு சொல்லு, மகளே. தேதிய நான்தான் மாத்திப் படிச்சிட்டேன், பிள்ளைய தண்டிக்காதீங்கன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன். வாம்மா, அசிங்கமா இருக்கு."

மணி அடித்தது. யரெட்ஸி திரும்பிப் பார்க்காமல் அதே பழைய வகுப்புக்குள் போனாள்.

படிவம் ஒஃபேலியாவிடமே இருக்கிறது, கையெழுத்துப் போட்டபடி. கெடு தாண்டிய பிறகும் இப்படி ஒரு படிவத்தைப் பள்ளியில் வாங்க வைத்தவர் யாராவது இதைப் படித்தால், யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னீர்கள் என்று தயவுசெய்து கீழே எழுதுங்கள். ஜூனில் கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடிவிடும்.