சண்முகப்பிரியாவுக்குப் போன ஆறு எண்கள்

1

"வந்துச்சுங்களாக்கா?"

"வந்துச்சு."

"சொல்லுங்க, அடிச்சுக்கறேன்."

"இரு கண்ணு. அந்தக் கதையில நான் கடைசியில என்ன ஆவறேன்னு மொதல்ல சொல்லு. அப்புறம் நம்பரச் சொல்றேன்."

இந்தக் கதை பிறந்த இடம் இதுதான். எழுதுகிறவள் அதை ஒப்புக்கொள்ளாமல் வேறு எங்கிருந்தாவது தொடங்கிவிடப் பார்த்தாள். 'கோவை கணபதி வட்டாரத்து லேத் பட்டறைகள் மதியச் சாப்பாட்டுக்கு ஓய்ந்திருந்தன' என்று ஒரு தொடக்கம். 'ஒரு கணினிக்கு மறதி வந்துவிட்டால்' என்று இன்னொரு தொடக்கம். இரண்டும் அழகாக இருந்தன. அதனால்தான் இரண்டின்மேலும் நம்பிக்கை வரவில்லை.

கேட்டவள் லோகப்பிரியா. மறுமுனையில் அவளுடைய பெரியப்பா மகள் சண்முகப்பிரியா, காரமடையில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். எழுதுகிறவளும் இந்த லோகப்பிரியாவேதான். 'நான்' என்று எழுதினால் கை ஓடவில்லை என்பதால் தன்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்திருக்கிறாள். (மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதில் வந்த பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

அப்பாவின் பட்டறை அலுவலகத்தில் இருக்கிற கணினி அடிக்கடி உறைந்து நின்றது. சர்வீஸ் கடை கிருபாசங்கர் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஓஎஸ் போட்டுக் கொடுத்தான். பட்டறை பில்களை மட்டும் பென்டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டு, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். தன் கதை கிளவுடில் பத்திரமாக இருக்கிறது என்று லோகப்பிரியா கொஞ்சம் பெருமையோடு சொன்னாள்.

அவன் போன பிறகு பார்த்தால் கிளவுட் கணக்கு அவளை உள்ளே விடவில்லை. கடவுச்சொல் சரி. இருந்தும் ஏதோ பிழை, பிறகு முயலவும் என்றது. ஐந்து நிமிடம் அறைக்குள் நடந்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி பிழை. கிருபாசங்கருக்குப் போன் போட்டாள்.

"மொதல்ல கம்ப்யூட்டர்ல தேதியப் பாருங்க அம்மணி. அது தப்பா இருந்தா உள்ள உடாது."

பார்த்தாள். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போய், கணினி 2016-இல் நின்றுகொண்டிருந்தது. அதன் கணக்குப்படி அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

(இதில் ஒரு நல்ல கதை இருக்கிறது: தேதியைத் திருத்தாமலே விட்டுவிடும் ஒருத்தியின் கதை. லோகப்பிரியாவும் மௌஸின்மேல் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மாதான் இருந்தாள். ஆனால் ஒரு சிற்றிதழுக்குக் கதை அனுப்ப இன்றுதான் கடைசி நாள். வேறு பிரதி கிடையாது. திருத்தினாள்.)

தேதி சரியானதும் கணக்கு ஒரு படி இறங்கி வந்தது. புதிய கணினியாகத் தெரிகிறது, நீங்கள்தான் என்று எப்படி நம்புவது, இந்தக் கைப்பேசிக்கு ஆறு எண்கள் அனுப்பட்டுமா என்றது. காட்டிய கடைசி இரண்டு இலக்கமும் அவளுடையவை அல்ல.*

* அந்த வீட்டில் பெண்பிள்ளைகளுக்குக் காலேஜ் சேரும்வரை போன் கிடையாது. பிளஸ் டூ படிக்கும்போது ஆசைப்பட்டுக் கணக்குத் தொடங்கியவள், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவின் எண்ணைக் கொடுத்திருந்தாள். பிறகு அதை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

3

போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும், எதற்கு இந்த எண்கள் என்று அக்கா கேட்டாள். ஒரு கதையை எடுக்க வேண்டும் என்றாள் தங்கை. என்ன கதை என்றாள் அக்கா. லோகப்பிரியா கெட்டிக்காரத்தனமாகச் சொல்லத் தொடங்கினாள். பனி பெய்கிற ஊர். இரேனா என்று ஒரு பெண். ஜன்னலில் நின்று தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் யாரோடு போனில் பேசினாலும் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிற கணவன்.

மறுமுனையிலிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

"அவ என்ன சமைக்கறா?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "நம்மூரு அரிசிம்பருப்பு சாதங்க."

அக்கா சிரித்தாள். "பனியில அரிசிம்பருப்பு. அப்ப அது நாந்தான்."

ஆமாம், அவள்தான். போன வருடம் அக்கா ஒரு பையோடு பிறந்த வீட்டுக்கு வந்து நின்றாள். மறுநாள் காலையிலேயே பெரியப்பாவும் அப்பாவும் அவளைக் காரில் உட்காரவைத்து, ஏதோ விசேஷத்துக்குப் போவதுபோலப் பழத்தட்டோடு கொண்டுபோய் விட்டுவந்தார்கள். மடியில் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு போனவள் அக்காதான். அதை நம் ஊரில் நடப்பதாக எழுதத் தைரியமில்லாமல்தான் பனியைப் பெய்யவிட்டது.

ஆனால் அந்தச் சிரிப்பு எழுதுகிறவளைக் குழப்பியது. வரைவில் இரேனா ஓரிடத்தில்கூடச் சிரிக்கவில்லை. இந்தப் பாத்திரத்தை அவள் சரியாகப் பார்க்கவே இல்லையோ? பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு போன ஒருத்தியால் எப்படி இப்படி — (வாக்கியம் நகரவில்லை. இருக்கட்டும்.)

இன்னொன்றும் இருந்தது. அக்கா பேசும்போது எப்போதும் கேட்கிற ஸ்பீக்கர் எதிரொலி இன்று இல்லை. காதில் பட்டது, மனதில் படவில்லை.

4

பேச்சு நீண்டதில் முதலில் வந்த எண்கள் காலாவதியாகிவிட்டன. வேறு எண்கள் கேட்டாள். அவையும் அக்காவிடமே போய்ச் சேர்ந்தன; முதல் வரிகளில் வருகிற பேரம் அப்போதுதான் நடந்தது.

கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தது நினைவிருக்கிறது. எதை விட்டுவைத்தாள் என்பதுதான் நினைவில்லை.

முடிவு ஒன்று: இரேனா பெட்டியோடு கதவைத் திறக்கிறாள். வெளியே பனி.

முடிவு இரண்டு: பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடியும் அலமாரியில் அடுக்குகிறாள், வேறொரு வரிசையில். (நாலு விஷயம் படித்தவர்கள் பாராட்டுவார்கள் என்று அப்போது தோன்றியது.)

முடிவு மூன்று: எழுத்தாளரே கதைக்குள் நுழைந்து, இரேனாவின் — வேண்டாம்.

"முடிவெல்லாம் நாம சொல்றதில்லீங்கக்கா. படிக்கறவங்களே முடிச்சுக்கோணும். இப்பெல்லாம் அப்படித்தான் எழுதறாங்க."

"படிக்கறவங்க முடிச்சுக்குவாங்க. உள்ள இருக்கறவ என்ன பண்ணுவா?"

5

போன பகுதியோடு நிறுத்தியிருந்தால் கதை அழகாக நின்றிருக்கும். உங்கள் கையில் முடிவைத் திணித்துவிட்டு எழுதுகிறவள் நழுவியிருப்பாள்.

லோகப்பிரியா முதல் முடிவைச் சொன்னாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறாள் என்றாள்.

"கதவத் தாண்டிட்டாளா?"

"தாண்டிட்டாங்க."

"அப்பறம்?"

"அதோட முடிஞ்சுதுங்க."

அப்போது மறுமுனையில் ஒரு ஆண்குரல் கோயமுத்தூர், கோயமுத்தூர் என்று கூவியது. ஹாரன் அடித்தது. பையை உள்ளே தள்ளி வையுங்கள் என்று யாரோ சொன்னார்கள். ஜன்னல் வழியாக வருகிற சத்தமில்லை அது. காதை ஒட்டிய சத்தம்.

"அக்கா, எங்க இருக்கறீங்க?"

சண்முகப்பிரியா ஆறு எண்களையும் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். லோகப்பிரியா அடித்தாள். கணக்கு திறந்தது. கதை அங்கே பத்திரமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் இரேனா துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் சாப்பாடு முடிந்து லேத் ஓடத் தொடங்கியது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா கை கழுவிவிட்டுத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு கெளம்புது. கதவத் தாண்டுனவ எந்த ஊட்டுக்குப் போறா? அத மட்டும் எழுதிப்போட்டுச் சொல்லு கண்ணு."